முயலை இழந்தவர், ஆமையை வெல்ல வைத்தவர்

முயலும் ஆமையும் ஓடிய பந்தயத்தை அறியாதவர் நம்மில் எவருமில்லை. ஈசாப் கதையான அதனை 1935ஆம் ஆண்டில் வண்ணக் கார்ட்டூன் படமாக்கி உலகைச் சிரிக்க வைத்தவர் வால்ட் டிஸ்னி. அவருடைய வாழ்வும் ஒரு நெடும் பந்தயமே.

டிஸ்னி 1901 டிசம்பர் 5ஆம் நாள் அமெரிக்காவின் சிகாகோ நகரில் பிறந்தார். இளமையில் மிசௌரி மாநிலப் பண்ணையொன்றில் விலங்குகளோடு வளர்ந்தார். பின்னர் கான்சாஸ் சிட்டியில், விடியுமுன் எழுந்து, பனியிலும் வீடுவீடாகச் செய்தித்தாள் போட்டுவிட்டே பள்ளிக்குச் சென்றார். அந்நகரில் 1922இல் அவர் தொடங்கிய படநிறுவனம் மறு ஆண்டே நொடித்தது. மனந்தளராது ஹாலிவுட் சென்று, தமையனார் ராயுடன் புதிய ஸ்டூடியோ ஒன்றை நிறுவினார்.

1927இல் அங்கே ஆஸ்வால்ட் என்னும் முயல் பிறந்து புகழ் பெற்றது. ஆனால் ஒப்பந்தப்படி அம்முயல் தமக்குச் சொந்தமன்று என்பதை 1928இல் அறிந்து டிஸ்னி திகைத்தார். அவருடைய ஓவியர்களில் பெரும்பாலோரும் எதிர்த்தரப்புக்குச் சென்றனர். உடன் நின்ற நண்பர் அப் ஐவெர்க்ஸுடன் சேர்ந்து, அவ்வாண்டே மிக்கி மவுஸைப் படைத்தார். முயலை இழந்தவருக்கு எலி வாழ்வளித்தது!

முயலும் ஆமையும் படத்தை இயக்கியவர் வில்ஃபிரட் ஜாக்சன். மாக்ஸ் என்னும் முயல் மின்னலாய்ப் பாய்கிறது. டோபி என்னும் ஆமை அசைந்து அசைந்து வருகிறது. இடையில் மாக்ஸ் நின்றுவிடுவது எங்கே தெரியுமா? ஒரு பெண்கள் பள்ளியின் வாயிலில்! முயல் மாணவியர் கைதட்ட, தானே பந்தை அடித்துத் தானே எதிர்ப்புறம் ஓடித் திருப்பியடித்து டென்னிஸ் ஆடிக் காட்டுகிறது. அதற்குள் டோபி எல்லைக்கோட்டை நெருங்கி, கழுத்தை நீட்டி வென்றுவிடுகிறது. திறமை குறைந்ததால் மாக்ஸ் தோற்கவில்லை. புகழ்ச்சிக்கு மயங்கியதால் தோற்றது. இப்படத்துக்கு அகாடமி விருது கிடைத்தது.

திரையில் ஒரு நொடி ஓட 24 படச்சட்டங்கள் வேண்டும். ஓவியர்களின் கோடுகளைச் செல்லுலாய்டுத் தாள்களில் மையால் பெயர்த்து எழுதி வண்ணம் தீட்டியவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள். ஆனால் அவர்கள் பெயர்கள் திரையில் வரவில்லை. படைப்புப் பணி ஆண்களுக்கே உரியதென 1938இல் ஒரு பெண்ணுக்கு அந்நிறுவனம் மறுப்புக் கடிதம் அனுப்பியது. பெரிய மனிதரின் பெருமையைப் போற்றும்போது இக்குறையையும் நாம் மறைக்கலாகாது. எனினும் 1940இல் அங்கே சேர்ந்த மேரி பிளேர் என்னும் ஓவியர், சின்டரெல்லா முதலிய படங்களின் வண்ண அழகுக்கு வழிகாட்டினார். மூடியிருந்த கதவு மெல்லத் திறந்தது.

1937இல் ஸ்நோ ஒயிட் என்னும் முழுநீளப் படத்தையும், 1955இல் டிஸ்னிலாந்து பூங்காவையும் உலகுக்கு அளித்த டிஸ்னி, 1966 டிசம்பர் 15ஆம் நாள் மறைந்தார்.

தோழியரே, நம்முள் மாக்ஸைப் போல் விரைந்து கற்போரும் உண்டு. டோபியைப் போல் மெல்லக் கற்போரும் உண்டு. முன்னவர் கைதட்டலில் மயங்காதிருப்போமாக. பின்னவர் கேலிக்கு அஞ்சி நின்றுவிடாதிருப்போமாக. எல்லைக்கோடு இருவருக்கும் ஒன்றே.