புலியைச் சுட்டவர், புலியைக் காத்தார்!

துப்பாக்கியால் புகழ் பெற்றவர், ஜிம் கார்பெட். ஆனால் இன்று அவருடைய பெயரைத் தாங்கி நிற்பது, வேட்டைக்கே இடம் இல்லாத ஒரு காடு!

கார்பெட் 1875-ம் ஆண்டு ஜூலை 25-ந்தேதி இமயமலை அடிவாரத்தில் உள்ள நைனிடாலில் பிறந்தார். தந்தை அந்த ஊர் தபால் அதிகாரி. கார்பெட் சிறுவனாக இருந்தபோதே அவர் இறந்து விட்டார்.

ரெயில்வே வேலை

குடும்பத்தைக் காப்பாற்ற, கார்பெட் இளம் வயதிலேயே ரெயில்வே வேலையில் சேர்ந்தார். முதல் வேலை, ரெயில் என்ஜினில் எரிக்கக் காட்டு மரங்களை வெட்டி அனுப்புவது! பின்னர் பீகாரில், கங்கைக் கரையில் உள்ள மொகாமா துறையில் சரக்கு மாற்றும் காண்டிராக்டை ஏற்றார். கூலித் தொழிலாளர்களோடு சேர்ந்து தானும் சுமை தூக்கினார். அங்கே சுமார் 20 ஆண்டுகள் உழைத்தார்.

436 பேரைக் கொன்ற புலி

நேபாளத்திலும் குமாயுன் மலையிலும் 436 பேரைக் கொன்ற சம்பாவத் பெண் புலியை 1907-ம் ஆண்டில் அவர் சுட்டு வீழ்த்தினார். அதன் வாயைப் பார்த்தபோது உண்மை விளங்கியது. எப்போதோ ஒருவன் சுட்ட குண்டு, அதன் கோரைப் பற்களை உடைத்திருந்தது. மானைப் பிடிக்க முடியாமல் போகவே, அது மனிதனைத் தேடி வந்தது. மனிதன் செய்த வினை, மனிதனையே சுட்டது!

125 பேரைக் கொன்ற ருத்ரபிரயாகை சிறுத்தையை 1926-ல் வீழ்த்தினார். ஆயினும், பொழுதுபோக்காக வேட்டையாடுவதில் அவருக்கு வெறுப்பு வளர்ந்தது. கேமராவைக் கையில் எடுத்தார். பள்ளிப் பிள்ளைகளிடம் காட்டைப்பற்றிப் பேசினார். 1936-ல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அமையத் துணை நின்றார்.

1947-ல் கென்யா சென்ற கார்பெட், 1955-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந்தேதி அங்கேயே காலமானார். பின்னர் அந்தப் பூங்காவுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. புலி பாதுகாப்புத் திட்டம் 1973-ல் அங்கேதான் தொடங்கியது.

யார் குற்றம்?

1972-ம் ஆண்டுச் சட்டப்படி புலியைக் கொல்வது குற்றம். அதன் தோல், எலும்பு, நகம் ஆகியவற்றை விற்பதும் வாங்குவதும் குற்றமே. அப்படி இருந்தும், ராஜஸ்தானில் உள்ள சரிஸ்கா காட்டில் ஒரு புலி கூட மிச்சம் இல்லை என்று 2005-ல் தெரியவந்தது. எல்லாம் திருட்டு வேட்டைக்குப் பலி!

கழுத்துச் சங்கிலியில் புலிநகம் பதித்தால் கவுரவம் என்று எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். வாங்க ஆள் இருக்கும்வரை, கொல்லவும் ஆள் இருப்பான்.