சேற்றில் கண்ட உலகம்

கீவ் நகரில் 1856ஆம் ஆண்டு பிறந்த செர்கேய் வினோகிராட்ஸ்கி முதலில் சட்டம் படித்தார், பிடிக்கவில்லை. பின்னர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பியானோ பயின்றார், அதிலும் நிலைக்கவில்லை. இறுதியில் இயற்கை அறிவியலே அவரை ஈர்த்துக்கொண்டது.

1885இல் ஸ்திராஸ்பர்க் சென்று தாவரவியலறிஞர் டி பேரியிடம் சேர்ந்தார். அழுகிய முட்டைபோல் நாறும் கந்தக ஊற்றுகளில் பெக்கியாட்டோவா என்னும் நுண்ணுயிர் வெண்ணிற இழைகளாக வாழும். அதன் உடலுக்குள் கந்தக மணிகள் மின்னும். வினோகிராட்ஸ்கி அந்த இழைகளைச் சாதாரண நீரில் இட்டுக் கவனித்தார். மணிகள் மறைந்தன, இழைகள் நலிந்தன. ஐதரசன் சல்பைடு கலந்த நீரை ஊற்றியதும் மணிகள் மீண்டும் தோன்றின. விளக்கு எண்ணெயை எரிப்பதுபோல இந்த உயிர் கந்தகத்தை எரித்து ஆற்றல் பெறுகிறது என்பது அவருக்குப் புலப்பட்டது. உயிர்கள் இப்படியும் வாழும் என்று அதுவரை எவரும் காட்டியதில்லை.

1888இல் டி பேரி மறைந்தார். வினோகிராட்ஸ்கி சூரிக் நகருக்குச் சென்றார். மண்ணில் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிரைப் பிரித்தெடுக்கப் பலர் முயன்று தோற்றிருந்தனர். சத்து நிறைந்த ஜெலட்டின் கூழில் அதை வளர்க்கப் பார்த்ததே தவறு! விருந்து வைத்தால் வளராத உயிர் அது. அவர் தாது உப்புகளை மட்டும் கொடுத்தார், வளர்ந்தது. இந்த மாற்றத்தின் இரு படிகளையும் இருவேறு நுண்ணுயிர்கள் செய்கின்றன என்பதையும் கண்டறிந்தார்.

பாரிஸிலிருந்து பாஸ்டரின் அழைப்பு வந்தது. ஆனால், அவர் தாயகத்தையே தேர்ந்தெடுத்து 1891இல் பீட்டர்ஸ்பர்க் திரும்பினார். பின்னாளில் ஆய்வைத் துறந்து தம் பண்ணையில் வாழ்ந்தார். ரஷ்யப் புரட்சி அந்த வாழ்வையும் பறித்தது. நாட்டைவிட்டு வெளியேறிய அவரை 1922இல் அதே பாஸ்டர் ஆய்வுக்கழகம் ஏற்றுக்கொண்டது. அறுபத்தைந்து வயதில், பாரிஸுக்கு அருகில், மீண்டும் மண்ணை ஆராயத் தொடங்கினார். மண் நுண்ணுயிரியல் பற்றிய அவருடைய பெருநூல் 1949இல் வெளிவந்தது. 1953இல் அவர் காலமானார்.

பெரு, சிலி நாடுகளின் கரையோரக் கடலில் ஓர் ஆழத்திற்குக் கீழே உயிர்வளி மிகவும் குறைவு. அங்குள்ள நுண்ணுயிர்கள் உயிர்வளிக்குப் பதிலாக நைட்ரேட்டைப் பயன்படுத்துகின்றன. அதனால், கடல் தாவரங்களுக்கு உரமாக வேண்டிய நைட்ரஜன் வளியாகி வெளியேறிவிடுகிறது. அக்கடலடிச் சேற்றில் பெக்கியாட்டோவாவின் உறவான தியோபிளோகா வாழ்கிறது. அது நைட்ரேட்டை உடலுக்குள் சேமித்து, அதைக் கொண்டே கந்தகத்தை எரிக்கிறது. வினோகிராட்ஸ்கி தனித்தனியே ஆராய்ந்த கந்தகமும் நைட்ரேட்டும் ஓர் இழைக்குள் சந்திக்கும் இந்த உண்மை 1995இல் வெளியானபோது, அவர் மறைந்து 42 ஆண்டுகள் ஆகியிருந்தன.