பரீட்சையில் முதல்வர், பாரதிக்குத் தாசர்

சுப்புரத்தினம் 1891-ம் ஆண்டு ஏப்ரல் 29-ந் தேதி புதுச்சேரியில் பிறந்தார். தகப்பனார் கனகசபை முதலியார் ஒரு வியாபாரி.

அப்போது புதுவையில் பிரெஞ்சுக்காரர் ஆட்சி. கோரிமேட்டைத் தாண்டினால் ஆங்கிலேயர் ஆட்சி.

சுப்புரத்தினம் கல்வே கல்லூரியில் தமிழ் படித்தார். பெயர்தான் கல்லூரி, உண்மையில் அது பள்ளிக்கூடம். கடைசிப் பரீட்சையில் அவரே முதலாவதாகத் தேறினார். கையோடு வேலையும் கிடைத்தது! 1909-ல் காரைக்காலை அடுத்த நிரவியில் தமிழ் ஆசிரியர் ஆனார். வயது பதினெட்டு. மீசை அரும்பும் பருவம்.

அதற்கு முந்திய ஆண்டே பாரதியார் ஆங்கிலேயர் பிடிக்குத் தப்பிப் புதுவைக்கு வந்துவிட்டார்.

ஒரு கல்யாண வீட்டில் சுப்புரத்தினம் பாரதியார் பாட்டைப் பாடினார். பாட்டை எழுதியவரே கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். அது பாடியவருக்குத் தெரியாது! அன்று தொடங்கியது உறவு.

பாரதியார் வீட்டை ஆங்கிலேயரின் ஒற்றர்கள் சுற்றிவந்த காலம் அது. சர்க்கார் சம்பளம் வாங்குகிறவர் அங்கே போகலாமா? வேலைக்கே உலை வைக்கும் காரியம். சுப்புரத்தினம் போனார். தம் பெயரையும் பாரதிதாசன் என்று வைத்துக்கொண்டார்.

வேலை போகவில்லை. 37 ஆண்டுகள் பாடம் சொல்லிக் கொடுத்து, 1946-ல் ஓய்வு பெற்றார். அதே ஆண்டு சென்னையில் அவருக்கு 25,000 ரூபாய் பணமுடிப்பு அளித்தார்கள். வாத்தியார் சம்பளத்தில் அவர் கண்டிராத தொகை.

1964 ஏப்ரல் 21-ந் தேதி சென்னையில் காலமானார். உடலைப் புதுச்சேரிக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள்.