அடுப்பு அணையக் கூடாது: வடலூர் வள்ளலார் வாழ்ந்து காட்டிய தொண்டு

தைப்பூசம் என்றதும் நமக்கு என்ன நினைவுக்கு வரும்? காவடி, பால்குடம், தண்ணீர்ப் பந்தல். அதே நாளில் தமிழ்நாட்டில் வடலூர் என்ற ஊரில் லட்சக்கணக்கான மக்கள் கூடுகிறார்கள். அங்கே ஏழு திரைகளை ஒவ்வொன்றாக விலக்கி ஒரு ஜோதியைக் காட்டுவார்கள். தைப்பூசத்தன்று தமிழ்நாட்டில் இறைச்சிக் கடைகளை மூடும் வழக்கமும் இருக்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒரே மனிதர்தான்: இராமலிங்க அடிகள். நாம் வள்ளலார் என்று சொல்கிறோம்.

நம்மில் பலருக்கு அவரைப் படத்தில்தான் தெரியும். தலையோடு சேர்த்துப் போர்த்திய வெள்ளைத் துணி, கட்டிய கைகள், அமைதியான முகம். அந்தப் படத்தைப் பார்த்தால், இவர் ஒரு சமையற்கட்டை நடத்தியவர் என்று தோன்றவே தோன்றாது. ஆனால் அவருடைய பெரிய வேலை அதுதான். ஆரோக்கியமான உணவு, விலங்குகள் நலன், சுற்றுச்சூழல் என்று இன்றைக்கு நாம் பேசுவதெல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்த புதுப் பேச்சு என்று சிலர் நினைக்கிறார்கள். நம்ம ஆள் ஒருவர் இதை 150 ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டியிருக்கிறார். எப்படிச் செய்தார் என்று பார்ப்போம்.

1823-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள், சிதம்பரத்துக்கு அருகே உள்ள மருதூரில் பிறந்தார். அப்பா இராமையா பிள்ளை ஊர்க் கணக்கர். அம்மா சின்னம்மை. ஐந்து பிள்ளைகளில் இவர்தான் கடைக்குட்டி. கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா தவறிவிட்டார். குடும்பம் கொஞ்ச காலத்தில் சென்னைக்கு வந்து ஏழுகிணறு பகுதியில் குடியேறியது. மூத்த அண்ணன் சபாபதி புராணச் சொற்பொழிவு செய்து வீட்டைக் காப்பாற்றினார்.

அண்ணன் தம்பியைப் படிக்க வைக்க எவ்வளவோ முயன்றார். தம்பிக்குப் பள்ளிக்கூடத்தில் மனம் ஒட்டவில்லை. கந்தகோட்டம் முருகன் சன்னிதியில்தான் பொழுது போனது. சின்ன வயதிலேயே பாடல்கள் பாடினார். பிறகு பழைய நூல்களை அச்சிட்டார், உரை எழுதினார், பாடம் சொல்லிக் கொடுத்தார். 1850-ல் தனக்கோடி அம்மையை மணந்தார். ஆனால் இல்லறத்தில் மனம் செல்லவில்லை. 1850-களின் இறுதியில் சென்னையை விட்டுப் புறப்பட்டு, தென்னாற்காட்டுப் பகுதியில் கருங்குழி என்ற சிற்றூரில் வந்து தங்கினார்.

நகரத்தை விட்டுக் கிராமத்துக்கு வந்தவர் கண்ணில் பட்டது பசி. மழையை நம்பிய பூமி. மழை பொய்த்தால் கூழுக்கும் வழியில்லை. வீடு வீடாகப் போய்க் கேட்டும் ஒன்றும் கிடைக்காமல் திரும்புகிற ஏழையைப் பார்த்து அவர் மனம் துடித்தது. காய்ந்து நிற்கும் பயிரைப் பார்த்தால்கூட அவருக்குத் தாங்காது. வலையையும் தூண்டிலையும் பறவை பிடிக்கும் கண்ணியையும் கண்டாலே உள்ளம் நடுங்கியதாக அவரே பாடியிருக்கிறார். மனிதன், மாடு, மீன், செடி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மனசு அவருக்கு.

இரக்கப்படுகிறவர்கள் உலகத்தில் நிறைய பேர் உண்டு. அந்த இரக்கத்தைத் தினசரி வேலையாக மாற்றியதில்தான் வள்ளலார் வேறுபடுகிறார். 1865-ல் சன்மார்க்க சங்கத்தைத் தொடங்கினார். சாதி, மதம் எதுவும் பார்க்காத சங்கம். அடுத்து, சாப்பாடு போட ஓர் இடம் வேண்டும் என்றார். பார்வதிபுரம் என்ற ஊர் மக்கள் ஏறத்தாழ 80 காணி நிலத்தைக் கொடுத்தார்கள். அங்கே 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் சத்திய தருமச்சாலையைத் திறந்து வைத்தார். அந்த இடம்தான் இன்றைய வடலூர்.

அன்று மூட்டிய அடுப்பு இன்று வரைக்கும் எரிகிறது. பசி என்று வருகிறவரிடம் என்ன சாதி, எந்த ஊர், என்ன மதம் என்று கேட்பதில்லை. உட்கார வைத்துச் சோறு போடுகிறார்கள். ராஜா யாரும் கட்டிக் கொடுத்த சாலை இல்லை அது. சுற்று வட்டாரத்து மக்கள் அரிசியும் காய்கறியும் விறகும் கொண்டு வந்து கொடுத்து நடந்த சாலை. வருஷத்துக்கு ஒரு நாள் பெரிய அன்னதானம் செய்துவிட்டுக் கலைந்து போவது சுலபம். மறுநாள் காலையில் மறுபடி உலை வைப்பதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டமான வேலையைத்தான் அவர் கையில் எடுத்தார்.

அதற்கு ஒரு தெளிவான சிந்தனையும் வைத்திருந்தார். ஜீவகாருண்ய ஒழுக்கம் என்ற உரைநடை நூலில் அதை விளக்கியிருக்கிறார். உயிர்களுக்கு வரும் துன்பங்களைப் பசி, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம், கொலை என்று பிரிக்கிறார். இவற்றில் பசியைப் போக்குவதும் கொலையைத் தடுப்பதும்தான் முதன்மையான காருண்யம் என்கிறார். கவனியுங்கள், இரண்டையும் ஒன்றாகவே வைக்கிறார். ஆட்டுக்காக அழுதுவிட்டு, பக்கத்தில் பசியோடு நிற்கும் மனிதனைப் பார்க்காமல் போனால் அது காருண்யம் ஆகாது. மனிதனுக்குச் சோறு போடுகிறேன் என்று சொல்லி இன்னோர் உயிரைக் கொன்றாலும் ஆகாது.

பசித்தவன் அவன் கர்மத்தை அனுபவிக்கிறான், நாம் எதற்குக் குறுக்கே போக வேண்டும் என்று கேட்கிறவர்கள் அப்போதும் இருந்தார்கள். அதற்கு அவர் சிறைச்சாலையைக் காட்டிப் பதில் சொன்னார். குற்றம் செய்து சிறையில் இருப்பவனுக்கும் அரசன் தன் ஆட்களைக் கொண்டு உணவு கொடுக்கிறான் இல்லையா? அதுபோல, வினையால் துன்பப்படுகிறவனுக்கும் உணவு கொடுப்பது கடவுளுக்குச் சம்மதமே என்றார்.

செடிக்கும் உயிர் இருக்கிறதே, அதைச் சாப்பிடலாமா என்ற கேள்வி இன்றைக்கும் சைவம் சாப்பிடுகிறவர்களைக் கிண்டல் செய்யக் கேட்கப்படுகிறது. அவர் இதையும் விட்டு வைக்கவில்லை. விதை, காய், கனி, தழை இவற்றை எடுப்பது நம் நகத்தையும் முடியையும் எடுப்பது போன்றது என்று விளக்கினார். நாம் வளர்க்கும் பசு, எருது, ஆடு, குதிரை போன்றவற்றைப் பசியில் விடாமல் காப்பது நம் பொறுப்பு என்றும் எழுதினார். சிறு தெய்வங்களின் பெயரால் ஆடும் கோழியும் பலியாவதைக் கண்டு உள்ளம் நடுங்கினார்.

ஆனால் புலால் உண்பவர்களை அவர் எப்படி நடத்தினார் தெரியுமா? உணவுக் கொள்கையில் துளிகூட விட்டுக் கொடுக்காதவர் அவர். புலால் மறுத்தவர்களைத்தான் தம் இனம் என்று சொன்னார். இருந்தும், மற்றவர்களுக்குப் பசி வந்தால் அவர்கள் பசியையும் தீர்க்க வேண்டும் என்றார். கொள்கை வேறு என்பதற்காக இலையைப் பறிக்கவில்லை. நண்பனின் தட்டைப் பார்த்து முகம் சுளிக்கிற நம் தம்பிகள் இதை யோசிக்க வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்தில் அவர் ரொம்ப நுணுக்கமானவர். புளியும் மிளகாயும் கொஞ்சமாக, மிளகும் சீரகமும் தாராளமாக, உப்பு குறைவாக. பழைய கறியைத் தொட வேண்டாம். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும். கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை, வல்லாரை போன்ற கீரைகளின் குணங்களை எடுத்துச் சொன்னார். அந்த வல்லாரை வேறொன்றும் இல்லை, நம் சந்தையில் கட்டுக் கட்டாக விற்கிற பெகாகாதான். வீட்டுக் கொல்லையில் ஒரு தொட்டியில் வைத்தாலும் வரும்.

அவர் போன பாதையில் பூ விரித்து வைத்திருக்கவில்லை. அவருடைய பாடல்களை அருட்பா என்று சொல்லலாமா என்று பெரிய சண்டை நடந்தது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் கடுமையாக எதிர்த்தார். விவகாரம் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. வெளியே வாதம் நடந்துகொண்டே இருந்தது, உள்ளே சோறும் வெந்துகொண்டே இருந்தது. 1872 ஜனவரியில் ஞானசபையைத் தொடங்கினார். சொன்னதைக் கேட்டு நடப்பவர்கள் குறைவு என்ற வருத்தம் அவருக்குக் கடைசி வரை இருந்தது. 1874 ஜனவரி 30-ஆம் நாள் இரவு, மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் சென்று கதவை மூடச் சொன்னார். பிறகு திறந்து பார்த்தபோது உள்ளே யாரும் இல்லை என்பது சன்மார்க்கத்தார் வழிவழியாகச் சொல்லும் செய்தி. அவர் போன பிறகும் அடுப்பு நிற்கவில்லை.

இரண்டே ஆண்டுகளில், 1876-ல், தென்னிந்தியாவைப் பெரும்பஞ்சம் பிடித்தது. பஞ்சமும் வறுமையும் துரத்தியதால் கப்பல் ஏறியவர்கள் பலர். மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் எடுத்த மாவட்டங்களில் வடலூர் இருக்கும் தென்னாற்காடும் ஒன்று. ஆக, மெர்லிமாவ், ஜாசின் வட்டாரத் தோட்டங்களில் பால் மரம் வெட்டிய நம் கொள்ளுப் பாட்டன்மாரில் சிலர், வள்ளலார் பார்த்த அதே பசியைப் பார்த்து வந்தவர்களாக இருக்கலாம். காலைச் சாப்பாட்டை நாம் இன்றும் பசியாறுவது என்றுதான் சொல்கிறோம். பசியாறிட்டீங்களா என்று கேட்பது நமக்கு வணக்கம் மாதிரி. பசியை அறிந்தவர்கள் விட்டுப்போன சொல் அது.

இன்று நம் பசி வேறு மாதிரி மாறிவிட்டது. 2019-ல் எடுக்கப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. அன்று உணவு இல்லாமல் செத்தோம், இன்று உணவாலேயே நோயாளி ஆகிறோம். நம் கோயில் பந்தலிலேயே சீனி கரைத்த சிரப் தண்ணீரைப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் கொடுக்கிறோம். சாயங்காலம் அந்தக் கிண்ணங்கள் கால்வாயில் மிதக்கின்றன. கொடுத்த புண்ணியம் ஒரு பக்கம், அடைத்த கால்வாய் இன்னொரு பக்கம்.

வள்ளலார் வழியில் போக மலை ஏற வேண்டியதில்லை. அடுத்த திருவிழா அன்னதானத்தில் போலிஸ்டிரின் டப்பாவை விட்டுவிட்டு வாழை இலைக்கு மாறலாம். இலைதான் நம் தோட்டத்துப் பக்கம் தாராளமாகக் கிடைக்கிறதே. சிரப்புக்குப் பதிலாக நீர்மோர் கரைக்கலாம். வீட்டு நாயை நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப் போட்டுவிட்டு மறந்து போகாமல், வேளைக்குச் சோறும் தண்ணீரும் வைக்கலாம். தாத்தா காலத்துப் பலி வழக்கத்தை நிறுத்தப் பெரியவர்களிடம் பொறுமையாகப் பேசலாம், சண்டை வேண்டாம். நம் லயத்திலோ தாமானிலோ தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்கு வாரம் ஒரு வேளை நம் வீட்டிலிருந்து சாப்பாடு போகலாம்.

இதில் எதுவும் படம் எடுத்துப் போடும் அளவுக்குப் பெரிய காரியம் இல்லைதான். ஒரு நாள் செய்தால் யாருக்கும் தெரியாது. விடாமல் செய்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் சேர்ந்துகொள்வான். வடலூரில் முதல் உலை வைத்த நாளில் அது 150 ஆண்டு ஓடும் என்று யார் எண்ணிப் பார்த்திருப்பார்கள்? மறுநாளைக்கு விறகு இருக்கிறதா என்றுதான் பார்த்திருப்பார்கள். நாமும் அதைப் பார்த்தால் போதும்.