அய்யாவின் பாடமும் அரிகோபாலன் சீடரின் எழுத்தாணியும்

அன்புக்கொடி மக்கள் இல்லந்தோறும் போற்றும் அகிலத்திரட்டு அம்மானையை ஏட்டில் எழுதியவர் அரிகோபாலன் சீடர். கன்னியாகுமரிக்கு அருகே உள்ள தாமரைகுளத்தைச் சேர்ந்தவர். அய்யா வைகுண்டரின் ஐந்து சீடர்களில் ஒருவர். பாண்டவர் ஐவரே இந்த யுகத்தில் அய்யாவுக்குச் சீடராய்ப் பிறந்தார்கள் என்பது அகிலம் கூறும் செய்தி. அவ்வகையில் அரிகோபாலன் சீடர் சகாதேவன் ஆவார். ஐவரில் ஞானத்துக்குப் பெயர் பெற்ற சகாதேவன் கையில் எழுத்தாணி வந்தது பொருத்தமே.

அவர் வாழ்ந்த காலம் எளிய மக்களுக்குக் கொடிய காலம். திருவிதாங்கூர் அரசில் பனையேறிப் பிழைத்த மக்கள் தலைக்கும் வரி கொடுத்தார்கள். கூலியில்லா ஊழியமும் செய்தார்கள். ஆண்கள் தலைப்பாகை கட்டக் கூடாது, பெண்கள் மாராப்பு போடக் கூடாது என்று தடை இருந்தது. கோவில் வாசலும் அடைபட்டுக் கிடந்தது. தங்களைத் தாங்களே தாழ்வாக எண்ணும்படி மக்கள் பழக்கப்பட்டிருந்தார்கள்.

அந்த வேளையில்தான் கொல்லம் ஆண்டு 1008 மாசி 20ஆம் நாள், அதாவது 1833இல், திருச்செந்தூர்க் கடலில் இருந்து அய்யா வைகுண்டராய் எழுந்து வந்தார். இன்று சாமிதோப்பு என்று வழங்கும் இடத்தில் ஆறு ஆண்டுகள் தவம் இருந்தார். அங்கே அவரைத் தேடி வந்தவர்கள் பலர். சிலருக்கு நோய் தீர வேண்டும், சிலருக்குத் துன்பம் தீர வேண்டும். வந்தவர்களுக்கு அய்யா பாடமும் நடத்தினார்.

அந்தப் பாடத்துக்குப் பலகையும் மணலும் வேண்டியிருக்கவில்லை. எல்லாச் சாதியாரையும் ஒரே கிணற்று நீரில் குளிக்கச் செய்தார். அந்த முத்திரிக்கிணறு இன்றும் சாட்சியாக இருக்கிறது. தலைப்பாகை மறுக்கப்பட்டவனைத் தலைப்பாகையோடு வந்து வணங்கச் சொன்னார். பள்ளியறையில் கண்ணாடி வைத்து, தேடும் பரம்பொருள் உனக்குள்ளேதான் இருக்கிறது என்று காட்டினார். 700 குடும்பங்களைக் கடற்கரையில் வாகைப்பதியில் கூட்டி, நாள்தோறும் குளித்து, துணி துவைத்து, ஒருவேளை உண்டு வாழும் துவையல் தவசு இருக்கச் செய்தார். அரசன் பிடித்துச் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தபோதும், மக்களைப் பொறுமை காக்கச் சொன்னார். சொன்னதைத் தாமே வாழ்ந்து காட்டிய குரு அவர்.

இந்தக் குருவிடம் பாடம் கற்றவர் அரிகோபாலன் சீடர். கற்றது அவருக்குள் எப்படி விளைந்தது என்பதற்கு அகிலத்திரட்டே அத்தாட்சி.

கொல்லம் ஆண்டு 1016 கார்த்திகை 27, வெள்ளிக்கிழமை. உறங்கிக்கொண்டிருந்த சீடரை நாராயணர் எழுப்பி, தாம் உரைப்பதை எழுதும்படி பணித்தார். மகாலட்சுமிக்கு மகாவிஷ்ணு உரைப்பதாக அமைந்த அந்தக் காண்டம், யுகங்களின் வரலாற்றையும், அய்யாவின் அவதாரத்தையும், வரப்போகும் தர்மயுகத்தையும் சொல்கிறது. 15,000 அடிகளுக்கும் மேற்பட்ட அவ்வளவும் சாதாரண மக்கள் பாடிப் பழகிய அம்மானை நடையில் ஓலையில் ஏறியது.

இத்தனையும் எழுதிய கை, பெருமையைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளவில்லை. இதில் தம்முடையது ஒன்றும் இல்லை, பரம்பொருள் உரைத்ததைத் தாம் எழுதியது மட்டுமே என்று சீடர் நூலிலேயே அடக்கத்தோடு தெரிவிக்கிறார். குரு கற்பித்ததில் முதன்மையானது தாழ்மை அல்லவா? அந்தப் பாடம் சீடரிடம் எவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது என்பதை இதைவிட எது காட்டும்?

கொல்லம் ஆண்டு 1026 வைகாசி 21ஆம் நாள், 1851இல், அய்யா வைகுண்டம் சென்றார். கண்ணால் கண்டு, காதால் கேட்டு வாழ்ந்த மக்களுக்கு அது பெரும் துயரம். ஆனாலும் அய்யாவின் வாக்கு ஓலையில் இருந்தது. ஓலையைப் பார்த்து ஓலை எழுதினார்கள். ஒருவர் ஏடு வாசிக்க, ஊரே சுற்றி அமர்ந்து கேட்டது. ஊருக்கு ஊர் நிழல் தாங்கல்கள் எழுந்தன. அக்காலத்தில் தாங்கல்கள் பிள்ளைகளுக்கு எழுத்து கற்பிக்கும் இடமாகவும் விளங்கின. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஓலையிலேயே வாழ்ந்த அகிலத்திரட்டு 1939இல் அச்சேறியது. இன்றும் சாமிதோப்புப் பதியில் கார்த்திகை மாதத்தில் 17 நாள் திருஏடு வாசிப்பு நடக்கிறது. சீடரின் ஊரான தாமரைகுளம் பஞ்சப் பதிகளில் ஒன்றாகப் போற்றப்படுகிறது.

கற்பித்தவரின் வாழ்வு கற்றவரிடம் தொடர்கிறது. மாணவன் அதை மாற்றாமல், மறைக்காமல், தன் பெருமைக்குப் பயன்படுத்தாமல் அடுத்தவர் கையில் கொடுத்தால், அது தலைமுறை தாண்டியும் நிற்கும். அரிகோபாலன் சீடர் செய்தது அதுதான். அவர் அன்று எழுத்தாணியைக் கீழே வைத்திருந்தால், இன்று உச்சிப்படிப்புக்கு வந்து நிற்கும் பிள்ளைக்கு அய்யாவின் சரித்திரம் எந்த வழியில் வந்து சேர்ந்திருக்கும்?

ஆகவே அன்புக்கொடி மக்களே, ஏட்டைப் பட்டுத்துணியில் சுற்றிப் பூசிப்பதோடு நிறுத்திவிட வேண்டாம். வீட்டுப் பிள்ளைகளை அருகில் இருத்தி, நாளுக்குப் பத்து அடியாவது வாசிக்கப் பழக்குங்கள். வாசிப்பில் தட்டுத் தடுமாறினால் கடிந்துகொள்ளாமல் பொறுமையாகத் திருத்துங்கள். எழுத்தும் நல்வழியும் கற்பிக்கும் பள்ளி ஆசிரியர்களை மதிக்கவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். இன்று அய்யாவின் பாடத்தை வாங்கிக்கொள்ளும் பிள்ளைதான் நாளை அதைப் பிறர்க்கு எடுத்துக் கொடுக்கும்.

அய்யா உண்டு