கிட்டார் வாசிக்கத் தெரியாத கிட்டார்காரர்

இளையராஜா பாட்டை ஹெட்போன்ல கேட்டா, பாடுறவர் குரலுக்கு அடியில இன்னொரு மெட்டு ஓடுறது தெரியும். அதுதான் பேஸ் கிட்டார். அந்தக் கருவி உலகம் முழுக்கப் பரவக் காரணமானவர் லியோ ஃபெண்டர். மனுஷனுக்குக் கிட்டார் வாசிக்கவும் தெரியாது, சுருதி சேர்க்கவும் வராது. நம்மள மாதிரி இன்ஜினியரிங் படிச்சவரும் இல்லை.

1909 ஆகஸ்ட் 10-ல் கலிஃபோர்னியாவில், ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தார். எட்டு வயதில் கட்டி வந்து ஒரு கண் போனது. சின்ன வயசிலேயே ரேடியோ மேல் பைத்தியம். ஆனால் காலேஜில் படித்தது அக்கவுண்டிங். பொருளாதார மந்தத்தில் கணக்கர் வேலையும் போச்சு. 1938-ல் 600 டாலர் கடன் வாங்கி, ஃபுல்லர்ட்டனில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டார்.

அவருக்கு அந்தக் கடைதான் காலேஜ். உள்ளூர் இசைக்காரர்கள் ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிட்டு வருவாங்க. எது அடிக்கடி பழுதாகுது, மேடையில எது காலை வாருதுன்னு கேட்டுக் கேட்டே கத்துக்கிட்டார். நம்ம காஞ்சிபுரத்தில் தறி செய்யும் ஆசாரி புடவை நெய்யணும்னு அவசியமில்லை. ஆனால் நெசவாளியின் கால் எங்கே மிதிக்கும், கை எவ்வளவு தூரம் எட்டும்னு அவருக்குத் தெரியணும். லியோவும் அப்படித்தான்.

அதனால்தான் அவருடைய டெலிகாஸ்டர் கிட்டாரில் கழுத்தை ஒட்டாமல் நாலு ஸ்க்ரூவில் மாட்டினார். கழுத்து கெட்டால் கழற்றி வேறு மாட்டலாம். 1951-ல் பிரிசிஷன் பேஸ் வந்தது. அதுவரை பேஸ் என்றால் ஆளுயர டபுள் பேஸ்தான். அதைத் தூக்கிட்டு ஊர் ஊராகப் போவதே பெரும்பாடு. டிரம்ஸ் சத்தத்தில் காதிலும் விழாது.

1961-ல் செய்த பேஸ் சிக்ஸ்தான் என் ஃபேவரிட். சாதாரண பேஸுக்கு நாலு தந்தி, இதுக்கு ஆறு. கிட்டார் மாதிரியே சுருதி, ஆனால் ஒரு ஸ்தாயி கீழே. கிட்டாரின் அடித்தந்தி சுமார் 82 ஹெர்ட்ஸ், இதில் 41. தந்தி நீளம் இரட்டிப்பானால் அதிர்வெண் பாதியாகும்னு ஃபிசிக்ஸில் படிச்சிருக்கோம். ஆனால் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் 25.5 அங்குலத்தை இரட்டிப்பாக்கினா 51 அங்குலம். யார் கையும் எட்டாது. லியோ 30 அங்குலத்தில் நிறுத்தி, மீதியைத் தடிமனான தந்தியிடம் விட்டார். மூணு பிக்கப், ஒவ்வொண்ணுக்கும் தனி ஸ்விட்ச், சுருதியை நெளிக்க ஒரு கைப்பிடி. 1963-ல் நாலாவது ஸ்விட்ச் சேர்ந்தது. ஒரு கெபாசிட்டர் வழியாக அடிச்சத்தத்தைக் குறைக்கும். லேப்ல நாம போட்ட ஹை பாஸ் ஃபில்டரேதான்.

ஆறு தந்தி பேஸை 1956-லேயே டேன்எலெக்ட்ரோ கம்பெனி செய்திருந்தது. லியோவின் கருவியும் பெரிசா விற்கலை. தந்திகள் நெருக்கமா இருந்ததால் பேஸ்காரர்களின் விரலுக்கு இடம் பத்தலை. கிட்டார்காரர்களுக்கோ இதை எங்கே வாசிக்கிறதுன்னு புரியலை. 1975-ல் தயாரிப்பே நின்றது. ஆனால் 1969-ல் பால் மெக்கார்ட்னி பியானோவில் உட்கார்ந்தபோது, பீட்டில்ஸின் மத்த கிட்டார்காரர்கள் பேஸுக்காக எடுத்தது இதைத்தான். கிட்டார் பழகிய கைக்குப் புதுசா எதுவும் கத்துக்க வேண்டியதில்லை. லியோ கணக்கு போட்டது அந்தக் கைக்காகத்தான்.

நடுவில் உடம்பு மோசமாகி, இனி பிழைக்க மாட்டோம்னு நினைத்து, 1965-ல் கம்பெனியை 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு சி.பி.எஸ்.ஸிடம் விற்றார். அப்புறம் உடம்பு தேறிடுச்சு. கையில பணம் இருந்தது, பேர் இருந்தது, சும்மா இருந்திருக்கலாம். ஆனால் மியூசிக் மேன் கம்பெனிக்காக மறுபடி டிசைன் பண்ணினார். பிறகு ஜி அண்ட் எல் கம்பெனியைத் தொடங்கினார். பார்கின்சன் நோய் வந்த பிறகும் வேலையை விடலை. 1991 மார்ச் 21-ல் இறந்தார். முந்தின நாள் வரைக்கும் வேலைக்குப் போனார்.

ப்ராஜெக்ட் டைட்டிலுக்காக நெட்டைத் துழாவுற ஃபைனல் இயர் மக்களே, பக்கத்துல ஏதாவது ரிப்பேர் கடையில அரை நாள் உட்கார்ந்து பாருங்க. டைட்டில் தானா வரும்.