பஞ்சமரின் கதையை எழுதிய கே.டானியல்

1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத அய்யர் தலைமையில் கக்கன் உள்ளிட்டோர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்த வரலாறு நமக்குத் தெரியும். கடலுக்கு அப்பால், யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் இதே உரிமை கேட்டுத் திரண்டது 1968-ல். மதுரைக்கு 29 ஆண்டுகள் பிந்தி. அந்தப் போராட்டத்தை நடத்திய இயக்கத்தின் அமைப்பாளர்களில் ஒருவர்தான் நாவலாசிரியர் கே.டானியல்.

யாழ்ப்பாணத்தை அடுத்த ஆனைக்கோட்டையில், சலவைத் தொழில் செய்யும் குடும்பத்தில் 1920-களில் பிறந்தவர் அவர். தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் மற்ற பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்காரக் கூடாது என்று பள்ளிகளே கொளுத்தப்பட்ட காலம் அது. கோயில், தேநீர்க்கடை, பொதுக்கிணறு எதற்குள்ளும் இடமில்லை. டானியலின் பள்ளிப்படிப்பு நீடிக்கவில்லை. சிறுவயதிலேயே உடலுழைப்புக்குப் போனார். பிறகு சொந்தமாகப் பட்டறை நடத்தினார்.

அவரை எழுத்துக்குக் கொண்டுவந்தது கம்யூனிஸ்ட் கட்சி. கட்சி வேலையாக ஊர் ஊராகப் போனவர், குடிசைத் திண்ணைகளில் கேட்டதைக் கதையாக்கினார். முடிதிருத்தும் தொழில் செய்துகொண்டே ‘மல்லிகை’ இதழை நடத்திய டொமினிக் ஜீவா அவருடைய தோழர். பல்கலைக்கழக வாசலை மிதிக்காத இந்த இருவரும் ஈழத்து முற்போக்கு இலக்கியத்தின் முன்னோடிகள் ஆனார்கள்.

இலங்கையில் தீண்டாமைக்கு எதிரான சட்டம் 1957-லேயே வந்துவிட்டது. ஆனால் அது ஏட்டோடு நின்றது. 1966 அக்டோபர் 21-ல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்ட ஊர்வலம் அந்த நிலையை உடைத்தது. அதன் தொடர்ச்சியாகத் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் பிறந்தது. தேநீர்க்கடைகளும் கோயில்களும் ஒவ்வொன்றாகத் திறக்கப் போராட்டம் நடந்தது. உயிர்களும் பலியாகின. டானியல் அதைப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவர் அல்ல. 1971-ல் அவர் சிறைக்கும் போனார்.

மறு ஆண்டு ‘பஞ்சமர்’ வெளிவந்தது. வண்ணார், அம்பட்டர், பள்ளர், நளவர், பறையர் ஆகிய ஐந்து சாதியாரும் யாழ்ப்பாணத்தில் பட்ட பாட்டை அவர்களுடைய பேச்சுமொழியிலேயே சொன்ன நாவல் அது. மகாராஷ்டிரத்தில் தலித் பேந்தர் இயக்கம் தோன்றியதும் அதே 1972-ல்தான். தமிழ்நாட்டில் தலித் இலக்கியம் என்ற சொல்லே அப்போது புழக்கத்தில் இல்லை. மதுரையிலிருந்து பாமாவின் ‘கருக்கு’ வெளிவர இன்னும் 20 ஆண்டுகள் இருந்தன.

‘கோவிந்தன்’, ‘அடிமைகள்’, ‘கானல்’, ‘தண்ணீர்’, ‘பஞ்சகோணங்கள்’ என்று அவர் தொடர்ந்து எழுதினார். மதம் மாறியும் சாதி விடாததைக் ‘கானல்’ காட்டியது. ஒரு வாளி நீருக்காக நடக்கும் போராட்டத்தைத் ‘தண்ணீர்’ சொன்னது. இதில் கலை குறைவு, கோஷம் அதிகம் என்று குறை சொன்னவர்கள் உண்டு. அவர் சளைக்கவில்லை. யாருக்காக எழுதுகிறோம் என்பதில் அவருக்குக் குழப்பம் இருந்ததில்லை.

சிகிச்சைக்காகத் தமிழ்நாடு வந்த அவர், 1986 மார்ச்சில் தஞ்சாவூரில் காலமானார். உடல் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டது. அதனால் அவர் ஈழத்துக்கு மட்டுமல்ல, நம் மண்ணுக்கும் உரியவர்.

இரட்டைக் குவளை ஒழிந்துவிட்டது என்று சொல்லிக்கொள்கிறோம். ஆனால் 2022-ல் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தார்கள். ‘தண்ணீர்’ பழைய கதை ஆகிவிடவில்லை. நம் கிராமத்து நூலகங்களிலும் படிப்பு வட்டங்களிலும் டானியலின் ஒரு நாவலாவது இருக்க வேண்டும். பள்ளியைப் பாதியில் விட்ட பிள்ளை ஒன்று அதை எடுத்துப் படித்தால், தன் தெருவின் கதையும் எழுதத் தக்கதே என்று அதற்குத் தோன்றும்.